தோண்டியெடுத்த டைனோசர் எலும்பைச் சுத்தம் செய்து உதிராமல் காப்பது எப்படி: நகரி வெயிலில் இருந்து ஒரு முழு வழிகாட்டி

அரியலூர் மாவட்டத்துக் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற இரண்டு புவியியலாளர்கள் 1980-களில் ஒரு டைனோசருக்குப் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். அதன் கீழ்க்கால் எலும்பு மட்டுமே சுமார் 2 மீட்டர் நீளம் என்று எழுதினார்கள். அந்த அளவு சரி என்றால் உலகத்தில் நடந்த மிகப் பெரிய விலங்குகளில் ஒன்று நம்ம காவிரிப் படுகையில் நடந்திருக்கிறது. சரி, போய் அளந்து பார்க்கலாமே என்றால் எலும்பு இல்லை. தொட்டால் உதிரும் எலும்பு, மேலே நம்ம ஊர் மழை, எல்லாம் சேர்ந்து உதிர்ந்து போய்விட்டது என்று அய்யாசாமியும் சேர்ந்து எழுதிய 2017-ஆம் ஆண்டுக் கட்டுரை சொல்கிறது. மிஞ்சியது சில படங்களும் கோட்டு ஓவியங்களும்தான். அதனால் அது எலும்பே இல்லை, கல்லான மரம் என்று சொல்பவர்களுக்குக்கூட எலும்பை எடுத்துக் காட்டிப் பதில் சொல்ல முடியவில்லை.

அதனால்தான் என்னிடம் இந்த வேலை கற்க வரும் பிள்ளைகள் "அண்ணா, எந்த ஊசி வாங்கணும், எந்த பிரஷ் வாங்கணும்" என்று ஆரம்பித்தால் கொஞ்சம் நிறுத்திவைப்பேன். சுத்தம் செய்வது இரண்டாவது வேலை. எலும்பை உதிராமல் நிறுத்துவது முதல் வேலை. மண் ஒட்டிக்கொண்டு பத்திரமாக இருக்கும் எலும்பை இன்னும் 20 வருடம் கழித்துக்கூடச் சுத்தம் செய்யலாம், பளபளவென்று சுத்தம் செய்து பொடியாகப் போனதை யாரும் ஒன்றும் செய்ய முடியாது.

நான் இருப்பது திருத்தணிக்குப் பக்கத்து ஆந்திர ஊரான நகரி. ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறை, இரண்டு பக்கமும் விசைத்தறி, சித்திரை வந்தால் திருத்தணி வெயிலோடு போட்டி போடும் வெயில். வெளிநாட்டு வழிகாட்டிகள் எல்லாம் ஏசி போட்ட கூடத்தை மனதில் வைத்து எழுதியவை. அவற்றை அப்படியே இங்கே செய்தால் சில இடங்களில் உதைக்கும். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

இன்னொன்று, இந்தப் பக்கம் எல்லோரும் கேட்பது: நகரி மலையில் டைனோசர் எலும்பு கிடைக்குமா? கிடைக்காது. அந்தக் குவார்ட்சைட் பாறை 100 கோடி வருடத்துக்கும் மேல் பழையது, அப்போது எலும்புள்ள பிராணி எதுவுமே பூமியில் இல்லை. சத்தியவேடு, ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் களிக்கல்லில் டைனோசர் காலத்து இலைப் பதிவுகள் கிடைக்கும். எலும்பு வேண்டுமென்றால் தெற்கே அரியலூர், வடக்கே கோதாவரிப் படுகை. 1988-ல் பெயர் வைத்த கோட்டாசாரஸ் என்ற டைனோசர் தெலங்கானாவின் யாமனபள்ளிக்காரர், இப்போது ஹைதராபாத் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறார். போய்ப் பாருங்கள், சும்மா வாய் பிளக்காமல் மூட்டுகளை எப்படி ஒட்டியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

தானாக எங்கேயாவது கண்ணில் பட்டால் தோண்டாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ பக்கத்துப் பல்கலைக்கழகப் புவியியல் துறைக்கோ சொல்லுங்கள். 2020-ல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் டைனோசர் முட்டை என்று வாட்ஸ்அப் முழுக்கச் சுற்றியது நினைவிருக்கும். கடைசியில் அவை அம்மோனைட் என்ற கடல் உயிரியைச் சுற்றி உருண்ட கல் என்று தெரிந்தது. கீழே வருவது எல்லாம் முறையாகத் தோண்டி, மாவுக்கட்டு போட்டு, கூடத்துக்கு வந்து சேர்ந்த எலும்புக்கு.

கட்டைப் பிரிப்பதற்கு முன்னால்

களத்தில் எலும்பின் மேல் ஈரக் காகிதம் போட்டு, அதன் மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் நனைத்த சாக்குப் பட்டைகளைச் சுற்றி ஒரு மாவுக்கட்டு போட்டு அனுப்பியிருப்பார்கள். வந்தவுடன் பிரிக்காதீர்கள். கட்டின் மேல் எழுதிய எண், தேதி, இடம், வடக்குக் குறி எல்லாவற்றையும் முதலில் படம் எடுத்து நோட்டில் ஏற்றுங்கள், ஏனென்றால் அறுக்கும்போது முதலில் போவது அந்த எழுத்துதான்.

அப்புறம் ஈரம். அரியலூர்ப் பக்கத்துக் களிமண் ஈரத்தோடு வந்தால் அவசரமாகக் காயவைக்கக் கூடாது. வெயிலில் வைத்தால் களிமண் சுருங்கும், கூடவே எலும்பையும் இழுத்துப் பிளக்கும். நிழலில், ஃபேன் காற்று நேராகப் படாமல், மேலே தளர்வாக ஒரு பாலித்தீன் தாள் போட்டு, வாரக்கணக்கில் மெதுவாகக் காய விடுங்கள். தினம் ஒருமுறை தாளைத் தூக்கிப் பார்த்து, உள்பக்கம் கோத்திருக்கும் நீர்த்துளிகளைத் துடைத்துவிட்டு மூடினால் போதும். பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தில் கொஞ்சம் ஆல்கஹால் தொட்டு வையுங்கள்.

மேசையும் முக்கியம். தறி ஓடுகிற தெருவில் மேசை நாள் முழுக்க மெலிதாக அதிரும், அதிர்கிற மேசையில் வைத்த எலும்புத் துண்டு மெல்ல மெல்ல நகர்ந்து ஓரத்துக்கு வரும், ராத்திரி விழும். மேசைக் கால்களுக்கு அடியில் கனமான ரப்பர்த் துண்டு வையுங்கள். எலும்புக்கு அடியில் மணல் பை. எங்கள் தெருவில் சாயம் போடாத தறித்துணி வெட்டுகள் சும்மாவே கிடைக்கும், அதில் சின்னதும் பெரியதுமாகப் பை தைத்துக் கழுவிய மணலை நிரப்பிக்கொள்கிறேன். சாயத்துணி வேண்டாம், அசிட்டோன் பட்டால் சாயம் இறங்கி எலும்பில் ஏறும். தெர்மாகோலும் வேண்டாம், அசிட்டோன் ஒரு சொட்டு விழுந்தாலே அது உருகி எலும்போடு ஒட்டிக்கொள்ளும்.

கட்டைத் திறப்பது

எலும்பு மருத்துவமனையில் மாவுக்கட்டு வெட்டுகிற ரம்பம் இருந்தால் நல்லது. அது சுழலாது, இப்படியும் அப்படியும் அதிரும், அவ்வளவுதான். களத்தில் அடிப்பக்கமாக இருந்ததைத்தான் பெரும்பாலும் இங்கே முதலில் திறப்போம், ஏனென்றால் அந்தப் பக்கத்தில் கட்டு மெல்லிசு. மூடியை மட்டும் கழற்றுங்கள், மீதிப் பாதி எலும்புக்குத் தொட்டிலாக இருக்கட்டும். முழுக் கட்டையும் கழற்றி எலும்பை வெளியே எடுத்து மேசையில் வைப்பது படம் எடுக்க நன்றாக இருக்கும், எலும்புக்கு நன்றாக இருக்காது.

உள்ளே இருந்து உதிரும் மண்ணைக் கூட்டித் தள்ளாதீர்கள். பையில் போட்டு, எந்தக் கட்டு, எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். 2013-ல் கல்லமேட்டுப் பாறை அடுக்கில் கிடைத்ததை வைத்து, ட்ரூடான்டிட் என்ற வகையைச் சேர்ந்த சின்ன டைனோசர் இங்கே வாழ்ந்ததாக ஆராய்ச்சியாளர்கள் அறிவித்தார்கள். கையில் இருந்தது ஒரே ஒரு பல். 2 மீட்டர் எலும்பு போன இடத்தில் மில்லிமீட்டர் அளவுப் பல் நின்றது. உங்கள் துடைப்பத்தில் என்ன போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. காய்ந்த களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்து அரை மில்லிமீட்டர்ச் சல்லடையில் அலசி, மிச்சத்தைக் காயவைத்து லென்ஸில் பார்க்க வேண்டும், அது தனி வேலை, மண் பத்திரமாக இருந்தால் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம்.

எது எலும்பு, எது கல்

பார்த்தவுடன் தெரியும் என்று நினைப்பீர்கள், தெரியாது. இரும்பு ஏறிய கல்லும் எலும்பும் ஒரே பழுப்பில் இருக்கும். நிறத்தை நம்பாமல் அமைப்பைப் பாருங்கள். உடைந்த முனையில் 10 மடங்கு லென்ஸ் வைத்தால் எலும்பில் சின்னச் சின்ன அறைகள் தெரியும், வெளி ஓரத்தில் நெருக்கமாகவும் உள்ளே போகப் போக அகலமாகவும் இருக்கும். கல்லில் மணல் பருக்கைதான். நாக்கில் வைத்தால் எலும்பு ஒட்டும் என்ற பழைய சோதனை உண்மைதான், ஆனால் அதன் மேல் ஏற்கெனவே யார் என்ன பூசினார்கள் என்று தெரியாதபோது நாக்கை நீட்டாதீர்கள். நனைந்த விரல் போதும், எலும்பு சட்டென்று ஈரத்தை இழுக்கும்.

கெட்டிப்படுத்துவது: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

உலகம் முழுக்க அருங்காட்சியகங்களில் அதிகம் புழங்குவது பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். வெள்ளைக் குருணையாக வரும், அசிட்டோனில் கரையும். எத்தனை வருடம் கழித்தும் அசிட்டோன் போட்டு மறுபடி கரைத்து எடுக்கலாம், மஞ்சளாகாது. இந்த இரண்டு குணத்துக்காகத்தான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். பாலிவினைல் பியூட்டிரால் வகையைச் சேர்ந்த பியூட்வார் இன்னொன்று, எலும்புக்குள் நன்றாக இறங்கும்.

கரைப்பது எப்படி: 100 மில்லி அசிட்டோனுக்கு 5 கிராம் குருணை. குருணையை அப்படியே கொட்டினால் அடியில் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய மருத்துவக் காஸ் துணியில் முடிந்து, கண்ணாடிப் பாட்டிலின் வாயில் நூலால் தொங்கவிட்டு மூடிவையுங்கள், மறுநாள் காலையில் கரைந்திருக்கும். இதுதான் 5 சதவீதம். ரொம்ப இறுக்கமான எலும்புக்கு இதையே 2 சதவீதமாக நீர்க்கச் செய்யுங்கள். ஒட்டுவதற்கு 50 சதவீதம், அது பிசுபிசுவென்று கம்பியாக இறங்கும். பாட்டில் மேல் பெயர், சதவீதம், தேதி எழுதாவிட்டால் ஒரு மாதத்தில் எது எது என்று உங்களுக்கே தெரியாது, எல்லாம் ஒரே தெளிந்த திரவம்தான். அசிட்டோனைச் சென்னை பாரிமுனையில் கெமிக்கல் கடைகளில் கேட்டு வாங்குங்கள். நகப்பூச்சு நீக்கும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது வேண்டாம்.

இப்போது எலும்பில் விடுவது. பிரஷ்ஷால் பூசுவதை மறந்துவிடுங்கள், உதிரும் எலும்பில் பிரஷ் பட்டாலே பொடி கூட வந்துவிடும். சொட்டுக் குழாயையோ ஊசி இல்லாத சிரிஞ்சையோ எடுத்து, விரிசலின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துக் கவனியுங்கள். டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி எலும்பு அதைக் குடிக்கும். சொட்டு விழுந்த இடத்தில் ஒரு கரிய வட்டம் விரியும், அடுத்த நொடி மேற்பரப்பு மறுபடி மங்கலாகும், உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அடுத்த சொட்டு. இப்படியே, குடிப்பது நிற்கிற வரைக்கும். சொட்டு மேலேயே நின்று பளபளத்தால் நிறுத்துங்கள், அதற்கு மேல் விடுவது எல்லாம் வெளியே தோலாகத்தான் காயும். தவறிப் பளபளப்பு வந்துவிட்டால் அசிட்டோன் தொட்ட பஞ்சுக் குச்சியால் உருட்டி எடுக்கலாம், தேய்க்கக் கூடாது.

ஈரமான எலும்பில் அசிட்டோன் கரைசலை விட்டால் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காற்றில் இருக்கும் ஈரமே போதும் இதற்கு, அசிட்டோன் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து ஈரம் படியும். காய்ந்த நாளில் மறுபடி கொஞ்சம் அசிட்டோன் விட்டால் வெள்ளை போகும். ஈரம் காய்கிற வரை நிற்காது என்கிற எலும்புக்கு நீரில் கலந்து வருகிற அக்ரிலிக் இருக்கிறது. ஆனால் அதைத் திரும்ப எடுப்பது கடினம், வேறு வழியில்லை என்றால் மட்டும்.

வெயில் காலத்தில் பிரச்சினை தலைகீழ். அசிட்டோன் உள்ளே இறங்கும் முன்னே பறந்துவிடும், மேலே மட்டும் ஓடு போல ஒரு படலம் நிற்கும், உள்ளே பொடி அப்படியே இருக்கும். அதனால் விடியற்காலையில் வேலை செய்யுங்கள், விட்டவுடன் எலும்பின் மேல் பாலித்தீன் தாள் கவிழ்த்து ஆவியாவதை மெதுவாக்குங்கள்.

எச்சரிக்கை ஒன்று, இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அசிட்டோன் ஆவி தரையோடு தவழ்ந்து போய் அடுத்த அறை நெருப்பைப் பிடிக்கும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் சாம்பிராணி போடுகிற நேரத்தில் பாட்டிலைத் திறக்காதீர்கள். ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஸ்விட்ச் போடுவதும் அணைப்பதும்கூட வேலைக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்.

ஃபெவிக்விக் போடலாமா, ஃபெவிகால் போடலாமா? வாரத்துக்கு ஒருவராவது கேட்கிறார்கள். உடனடிப் பசை உள்ளே நன்றாகத்தான் இறங்கும், வியாபாரத்துக்குச் செய்பவர்கள் நிறையவே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதைத் திரும்பக் கரைத்து எடுப்பது பெரும்பாடு, நீண்ட காலத்தில் எப்படி நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது, எலும்புக்குள் இருக்கும் களிமண்ணை அது ஊதவைக்கும். வார்னிஷ் பற்றிப் பேசவே வேண்டாம். ஒரு தனியார் சேகரிப்பில் இருந்து வந்த எலும்பு மண்ணோடு சேர்த்து வார்னிஷ் குளியல் போட்டு வந்தது, அலங்காரத்துக்காம். பழைய அருங்காட்சியக எலும்புகளில் அரக்கு பூசியிருப்பார்கள், அது காலப்போக்கில் கருத்துச் சுருங்கி மேல் தோலையும் உரித்துக்கொண்டு வரும். அரக்கு ஆல்கஹாலில் கரையும், பஞ்சில் நனைத்து வைத்து வைத்து எடுக்க வேண்டும்.

இப்போது சுத்தம் செய்யலாம்

தண்ணீரில் கழுவாதீர்கள். விரிசலுக்குள் இருக்கிற களிமண் தண்ணீர் குடித்தால் பெருக்கும், எலும்பு உள்ளிருந்து வெடிக்கும். களிமண் இளக வேண்டுமென்றால் ஆல்கஹாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பிரஷ் நுனியில் தொட்டு, சுத்தம் செய்யும் இடத்தில் மட்டும் வையுங்கள்.

கருவிகள் ரொம்பச் சாதாரணம். பல் டாக்டரிடம் தேய்ந்த கொக்கிகளைக் கேட்டால் கொடுப்பார். கைப்பிடியில் செருகும் கார்பைடு ஊசி, மெல்லிய பிரஷ், காற்று ஊதும் ரப்பர்க் குமிழ், கழுத்து வளைகிற விளக்கு, லென்ஸ். இத்தனை போதும், மென்மையான மண்கல்லுக்கு நாள் முழுக்க இதிலேயே ஓட்டலாம்.

ஊசி வேலை எப்படி என்றால், எலும்பைச் சுரண்டுவது இல்லை. எலும்பில் இருந்து ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளிக் கல்லில் நுனியை ஊன்றி அழுத்தினால், கல் எலும்போடு சேர்ந்திருக்கிற அந்த எல்லையில் தானாக விட்டுக்கொண்டு ஒரு சில்லாகத் தெறிக்கும். அடியில் எலும்பின் தோல் மெழுகு தடவின மாதிரி தெரியும். சில்லு தெறிக்காமல் பொடிப்பொடியாக வந்தால் ஒன்று நீங்கள் எலும்பைச் சுரண்டுகிறீர்கள், அல்லது அங்கே கல்லும் எலும்பும் ஒரே உறுதியில் இருக்கின்றன. இரண்டிலும் நிறுத்துவதுதான் சரி. நுனி எப்போதும் எலும்பை விட்டு வெளியே பார்க்கட்டும், கை வழுக்கினால் கல்லில் வழுக்கட்டும். இரண்டு விரல் அகலம் சுத்தமானால் உடனே அங்கே 5 சதவீதக் கரைசலை விட்டுவிட்டு அடுத்த இடத்துக்குப் போங்கள். முழுவதையும் சுத்தம் செய்துவிட்டு ஒரே அடியாகக் கெட்டிப்படுத்தலாம் என்று நினைத்தால், முதலில் திறந்த இடம் அதற்குள் உதிர ஆரம்பித்திருக்கும்.

கல் கடினம் என்றால் காற்றில் ஓடும் சிற்றுளி, அதாவது கம்ப்ரசரில் மாட்டுகிற ஏர் ஸ்கிரைப். பேனா மாதிரி பிடித்துச் செய்யலாம், நுனி டங்ஸ்டன் கார்பைடு. இங்கே கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது, கம்ப்ரசர் நின்று மறுபடி ஓடும்போது கையில் கருவி எலும்பு மேல் இருக்கக் கூடாது, கரண்ட் போனால் முதல் வேலை கருவியைக் கீழே வைப்பது. எலும்புக்குப் பக்கத்தில் வந்துவிட்டால் மறுபடி கை ஊசிதான்.

இன்னொரு வழி காற்றோடு தூள் பீய்ச்சுவது. இதில் கடினத்தன்மைக் கணக்கு ஒன்று இருக்கிறது: தாதுக்களின் கடினத்தைக் காட்டும் மோஸ் அளவுகோலில் எலும்பின் தாதுவான அபடைட் 5, சமையல் சோடா சுமார் 2.5, டோலமைட் 3.5 முதல் 4. எலும்பை விட மென்மையான தூள் மென்மையான மண்ணை அரிக்கும், எலும்பை விடும். அலுமினியம் ஆக்சைடு 9, அது எலும்பையே தின்னும். ஆனால் கெட்டிப்படுத்தாத எலும்பில் சோடாகூட வேலையைக் காட்டும். மூடிய பெட்டிக்குள் மட்டும் செய்யுங்கள். எந்த வழியாக இருந்தாலும் மண்தூளில் சிலிக்கா இருக்கும், நுரையீரலுக்கு அது விஷம், துணியைக் கட்டிக்கொண்டால் போதாது, என்-95 முகமூடி வேண்டும். காதுக்குப் பஞ்சு அல்ல, அடைப்பான்.

அமிலம்: யோசித்து, பெரும்பாலும் வேண்டாம்

சுற்றியிருப்பது சுண்ணாம்புக் கல் என்றால் நீர்த்த அசிட்டிக் அமிலம், 5 முதல் 10 சதவீதம், சுண்ணாம்பைக் கரைத்து எலும்பைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். கல்லின் ஒரு ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள், நுரைக்கவில்லை என்றால் இந்தப் பேச்சே வேண்டாம். நுரைத்தாலும், வெளியே தெரிகிற எலும்பில் எல்லாம் முதலில் பி-72 பூசிக் காயவைத்து, அமிலத்தில் கால்சியம் பாஸ்பேட் கலந்து (எலும்பின் பாஸ்பேட் கரையாமல் இருக்க), சில மணி நேரம் ஊறவைத்து, எடுத்து, அமிலத்தில் இருந்ததைப் போல இரண்டு மூன்று மடங்கு நேரம் மாற்றி மாற்றித் தண்ணீரில் அலசி, காயவைத்து, புதிதாகத் தெரிகிற எலும்பில் மறுபடி பூசி, மறுபடி முதலில் இருந்து. மாதக்கணக்கு வேலை. அலசுவதில் சோம்பேறித்தனம் பட்டால் உள்ளே தங்கிய உப்பு பின்னால் பூத்து எலும்பைப் பிளக்கும்.

கழிவறை கழுவும் ஆசிட்டை ஊற்றி நுரை காட்டுகிற வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். அது ஹைட்ரோகுளோரிக் அமிலம், எலும்பையும் சேர்த்தே கரைக்கும். அதே போல முட்டைக்கு எந்த அமிலமும் கூடாது. குஜராத்தில் பாலசினோர் பக்கத்து ராயோலி மாதிரி இடங்களில் கிடைக்கும் டைனோசர் முட்டையின் ஓடு கால்சைட், அதாவது சுண்ணாம்புத் தாது, சுற்றியிருக்கிற கல்லும் பெரும்பாலும் சுண்ணாம்பு. அமிலத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அங்கே ஊசி, பொறுமை, அவ்வளவே.

சத்தியவேட்டு இலைப் பதிவு கையில் இருந்தால்: தண்ணீர் வேண்டாம், சுரண்டல் வேண்டாம், மென்மையான பிரஷ், களிக்கல் ஏடு ஏடாகப் பிரிந்தால் ஓரத்தில் மட்டும் 2 சதவீதக் கரைசல்.

ஒட்டுவது

துண்டுகளை முதலில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள், எல்லாத் துண்டுகளையும். எதை எதோடு எந்த வரிசையில் என்று முடிவு செய்யாமல் ஆரம்பித்தால் கடைசித் துண்டு உள்ளே போக வழியிருக்காது. உடைந்த முகங்களை ஊசியாலும் பிரஷ்ஷாலும் சுத்தம் செய்து, 5 சதவீதத்தை ஒரு தடவை தொட்டுக் காயவிட்டு, அப்புறம் 50 சதவீதப் பசை. மெல்லிசாக. பிதுங்கினால் காய்ந்த பிறகு அசிட்டோன் பஞ்சால் எடுக்கலாம். மணல் தட்டில், பசைக் கோடு தரைக்குச் சமமாக வருகிற மாதிரி ஊன்றி, எடை தானாக அழுத்தும்படி விட்டு, ஒரு நாளாவது தொடாதீர்கள். டேப் ஒட்டிப் பிடிக்காதீர்கள், பிரிக்கும்போது தோலோடு வரும்.

வெயில் கணக்கு இங்கேதான் உதைக்கிறது. பி-72 சுமார் 40 டிகிரியில் இளக ஆரம்பிக்கிற பொருள். அக்னி நட்சத்திரத்தில் எங்கள் ஆஸ்பெஸ்டாஸ் அறை மத்தியானம் அதைத் தாண்டும். உடைந்து கீழே விழாது, ஆனால் கனமான தொடை எலும்பின் ஒட்டு மில்லிமீட்டர் மில்லிமீட்டராக வழுக்கும், ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் வரி தப்பியிருக்கும். அதனால் கனமான ஒட்டு வேலைகளை மார்கழி, தையில் முடித்துக்கொள்கிறேன். சித்திரையில் ஊசி வேலை, சல்லடை வேலை, நோட்டு வேலை. முடியாது, இப்போதே ஒட்டியாக வேண்டும் என்றால் 50 டிகிரி வரை தாங்கும் பாராலாய்டு பி-48என் இருக்கிறது, பியூட்வாரும் பி-72-ஐ விடச் சூடு தாங்கும். எது போட்டாலும் எலும்பு கீழிருந்து முழு நீளத்துக்கும் தாங்கப்பட்டிருக்க வேண்டும், எடையைப் பசை சுமக்கக் கூடாது.

தூக்கி நிறுத்தவேண்டிய பெரிய எலும்புக்கு எபாக்சி (இரண்டு பொருளைக் கலந்தால் இறுகும் பசை) போடுகிறார்கள். போடுங்கள், ஆனால் இரண்டு முகத்திலும் முதலில் பி-72 படலம் ஒன்று காய்ந்திருக்கட்டும். நாளைக்குப் பிரிக்க வேண்டுமென்றால் அசிட்டோன் அந்தப் படலத்தைக் கரைக்கும், எபாக்சி கழன்று வரும்.

இல்லாத இடத்தை நிரப்புவதில் ஆசை அடக்கம் வேண்டும். தாங்குவதற்குத் தேவையான அளவு மட்டும், எலும்பை விட ஒரு சாயல் வேறு நிறத்தில். பார்க்கிறவனுக்கு எது எலும்பு, எது நீங்கள் வைத்தது என்று ஒரு முழத்தில் இருந்து தெரிய வேண்டும். சலித்த சுற்றுமண்ணை பி-72-ல் குழைத்தாலே நல்ல நிரப்பி கிடைக்கும்.

வைப்பதும் எழுதுவதும்

அடியில் எலும்பின் வடிவத்துக்கே பிளாஸ்டரில் ஒரு தொட்டில் செய்து, உள்ளே டிவி, ஃபிரிட்ஜ் பெட்டியில் வருகிற வெள்ளை இபிஇ ஃபோம் ஒட்டுங்கள். பஞ்சு வைக்காதீர்கள், இழை விரிசலில் மாட்டி இழுக்கும். நம்ம பக்கம் தறிப் பஞ்சு காற்றிலேயே பறக்கிறது, அதனால் மூடி போட்ட பெட்டி கட்டாயம். செய்தித்தாளும் வேண்டாம், காகிதம் இருக்கும் இடத்துக்குக் கரையான் வழி கண்டுபிடிக்கும்.

எண்ணை எலும்பிலேயே எழுதுங்கள். சின்னதாக ஒரு இடத்தில் பி-72 பூசி, காய்ந்ததும் அதன் மேல் அழியாத மையில் எண், அதன் மேல் இன்னொரு பூச்சு. நோட்டில்: எந்த ரசாயனம், எத்தனை சதவீதம், எந்தக் கரைப்பான், எந்தத் தேதி, எந்தப் பக்கம், எங்கே நிரப்பினீர்கள், முன்னும் பின்னும் அளவுகோல் வைத்த படம். நாளைக்கு ஒருவர் இந்த எலும்பை வேதியியல் ஆய்வுக்கு எடுத்தால் உங்கள் பசையை எலும்பின் பொருள் என்று நினைத்துவிடக் கூடாது. முடிந்தால் ஒரு சின்னத் துண்டை ஒன்றும் பூசாமல் தனிப் பையில் வைத்துவிடுங்கள்.

கடைசியாக பைரைட். சில எலும்புகளுக்குள் இந்த இரும்பு சல்பைடு இருக்கும். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அது கந்தக அமிலமாக மாறத் தொடங்கும். கந்தக வாடை, வெள்ளையோ மஞ்சளோ ஒரு பொடி, புதிய விரிசல், இந்த மூன்றில் எது தெரிந்தாலும் அந்த எலும்பை மற்றவற்றிடம் இருந்து பிரித்து, பொடியைக் காய்ந்த பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு போடுங்கள். உள்ளே ஒரு சின்ன ஈரப்பத மானி வைத்து 45-க்குக் கீழே நிற்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் வாரம் ஒருமுறை, மற்ற நாட்களில் மாதம் ஒருமுறை. நீல ஜெல் இளஞ்சிவப்பானால் வெளியே எடுத்துச் சூடாக்கி ஈரத்தை ஓட்டிவிட்டு மறுபடி வையுங்கள், அடுப்பு இருக்கிற அறைக்கு அசிட்டோன் பாட்டிலைக் கூடவே எடுத்துப் போகாமல்.